ரெண்டு ஸ்பீக்கர் வச்சா சில இடத்துல சத்தம் அமுங்குது, ரெண்டு டார்ச் அடிச்சா ஏன் இருட்டுக் கோடு வரல?

மோல்மீன் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். அலை பாடத்துல ஒரு சந்தேகம். புத்தகம் இங்கிலீஷ்ல இருக்கு, சயாமா (எங்க டீச்சர்) பர்மா பாஷையில விளக்குறாங்க, கணக்கெல்லாம் போட வருது, ஆனா உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு சரியா பிடிபடல. அதான் தமிழ்ல கேட்டுப் பாக்கலாம்னு இங்க போடுறேன்.

எங்க கோயில் மண்டபத்துல மேடைக்கு ரெண்டு பக்கமும் பெரிய பாக்ஸ் ஸ்பீக்கர் வச்சிருக்காங்க. கச்சேரிக்கு முன்னாடி சுருதிப்பெட்டிய மட்டும் மைக்ல விட்டிருந்தாங்க, அப்ப நான் பூ எடுத்துக்கிட்டு மண்டபத்துக்குக் குறுக்கே நடந்தப்ப சத்தம் ஏறுது, இறங்குது, மறுபடி ஏறுது. ஒரு தூண் பக்கத்துல நின்னு தலைய கொஞ்சம் நகத்தினாலே சுருதியோட குணமே மாறுது. இதுதான் புத்தகத்துல இருக்கிற குறுக்கீட்டு விளைவு, அதாவது ரெண்டு அலை சேந்து சில இடத்துல கூடுறதும் சில இடத்துல குறையறதும்னு புரிஞ்சுது, சந்தோஷமாவும் இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து ரெண்டு டார்ச் லைட்ட சுவத்துல ஒண்ணு மேல ஒண்ணு விழுற மாதிரி அடிச்சுப் பாத்தேன். வெளிச்சம் கூடுச்சு, அவ்வளவுதான், கோடு ஒண்ணும் வரல. ஒளியும் அலைதானே?

இன்னும் ரெண்டு கேள்வி. சத்தம் இல்லாத இடத்துல அந்த சக்தி எங்க போகுது? சக்திய அழிக்க முடியாதுன்னு முதல் பாடத்துலயே சொல்லிட்டாங்களே. அப்புறம், மண்டபத்துக்கு வெளிய சுவர் மறைவுல நின்னா தவில் சத்தம் நல்லா கேக்குது, பாட்டுல வர்ற வார்த்தை மட்டும் புரிய மாட்டேங்குது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

மைக்செட் அண்ணன், யாங்கோன்:

தங்கச்சி, நான் கல்யாணம், திருவிழாவுக்கு மைக்செட் போடுறவன். படிப்பு வகையில மத்தவங்க சொல்வாங்க, நான் கையில பாத்தத சொல்றேன்.

ரெண்டு பாக்ஸுக்கும் ஒரே ஆம்ப்ளிஃபையர்ல இருந்து ஒரே சிக்னல் போகுது. நீ நடுக்கோட்டுல நின்னா ரெண்டு பக்கமும் சம தூரம், ரெண்டு சத்தமும் ஒண்ணா வந்து சேரும். ஒரு பக்கமா நகந்தா ஒண்ணு கிட்ட, ஒண்ணு தூரம். அந்த தூர வித்தியாசம் அரை அலைநீளம் ஆகுற இடத்துல, ஒரு பாக்ஸோட அலை காத்த நெருக்கும்போது மத்தது விரிக்குது, காதுல வந்து சேருறது சொற்பம். நம்ம ஊரு வெயில்ல சத்தம் நொடிக்கு சுமார் 350 மீட்டர் போகும்னு வச்சுக்க. 500 ஹெர்ட்ஸ் டோன் போட்டா அலைநீளம் 70 சென்டிமீட்டர். ரெண்டு பாக்ஸுக்கும் நடுவுல 3 மீட்டர், நீ 10 மீட்டர் தள்ளி நிக்கிறேன்னா, நடுக்கோட்டுல இருந்து ஒரு பக்கமா ஒரு மீட்டரும் கொஞ்சமும் நகந்தா சத்தம் அமுங்கும், ரெண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் முன்னாடி மறுபடி எழும்பும். போன்ல டோன் ஆப் இருக்கும், அத ஆம்ப்ளிஃபையர்ல குத்தி நடந்து பாரு.

சுருதிப்பெட்டி வச்சா குணம் மாறுதுன்னு சொன்ன பாரு, அது ரொம்ப சரியான கவனிப்பு. சுருதிப்பெட்டியில ஒரே ஒரு அலை இல்ல, அடிச்சுரத்தோட ரெண்டு மடங்கு, மூணு மடங்குன்னு மேல மேல அடுக்கா இருக்கு. ஒரு பாக்ஸ் உனக்கு மத்தத விட அரை மீட்டர் தூரம்னா 350 ஹெர்ட்ஸ் அமுங்கும், 1050 அமுங்கும், 1750 அமுங்கும், ஆனா 700, 1400 எல்லாம் தூக்கலா வரும். அதனால ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு பல்லு உதிந்த மாதிரி கேக்கும். பேச்சுலயும் இதே கதைதான், அதனாலதான் ஒரே மேடைப்பேச்சு ஒரு வரிசையில கணீர்னும் பக்கத்து வரிசையில குடத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரியும் இருக்கு.

இன்னொண்ணு, தங்கச்சிக்கு மட்டும் இல்ல, கோயில்ல செட்டு போடுற பசங்களுக்கும் சொல்றேன். ஒரு பாக்ஸுக்கு மட்டும் ப்ளஸ் மைனஸ் மாத்திக் குடுத்துட்டா நடுக்கோடு செத்துடும். சரியா சாமிக்கு நேரா, பெரியவங்க உக்காந்திருக்கிற இடத்துல தவிலோட அடிச்சத்தம் இருக்காது, ஓரத்துல நிக்கிறவனுக்கு நல்லா கேக்கும். உடனே எல்லாரும் பேஸ திருகுவாங்க, ஆம்ப்ளிஃபையர் சூடாகுறதுதான் மிச்சம். வயர மாத்திக் குத்துங்க, ஒரு நிமிஷ வேலை. கண்டுபிடிக்க சுலபம்: ரெண்டு பாக்ஸையும் எதிர் எதிரா ஒரு முழம் இடைவெளியில வச்சு தாழ்ந்த டோன் விடுங்க, வயர மாத்தினா சத்தம் கூடுச்சுன்னா முன்னாடி தப்பா இருந்துச்சுன்னு அர்த்தம்.

தட்டோன் தம்பி:

அண்ணன் சொன்னது சூப்பர். சக்தி கேள்விக்கு நான் நினைக்கிறது, ப்ளஸும் மைனஸும் சேந்தா ஜீரோ, ரெண்டும் ஒண்ண ஒண்ணு அழிச்சுக்குது, அதனால அந்த இடத்துல சக்தி சூடா மாறிடும்னு. சரியா?

பழைய வாத்தியார்:

தம்பி, சூடா மாறல. இத நிதானமா பாப்போம், இந்த விஷயத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான்.

ஒரு மூலம் மட்டும் இருந்தா ஒரு இடத்துல விழுற செறிவு 1 பங்குன்னு வச்சுக்கங்க. ரெண்டு மூலம், குறுக்கீடு எதுவும் இல்லன்னா 2 பங்கு விழணும். குறுக்கீடு இருந்தா என்ன ஆகுது? செறிவு, வீச்சோட (அலை எவ்வளவு பெருசா ஆடுதுங்கற அளவோட) வர்க்கத்துக்கு நேர்விகிதம். பிரகாசமான இடத்துல வீச்சு 2 மடங்கு, செறிவு 4 பங்கு. இருட்டான இடத்துல வீச்சு 0, செறிவு 0. நாலும் பூஜ்யமும் மாறி மாறி வந்தா சராசரி 2. கணக்கு நேர் ஆயிடுச்சு. இருட்டுக் கோட்டுக்கு வரவேண்டிய சக்தி பக்கத்து வெளிச்சக் கோட்டுல போய் விழுது. அழிஞ்சதும் இல்ல, சூடானதும் இல்ல, பங்கீடு மாறியிருக்கு.

அலைங்க ஒண்ண ஒண்ணு முட்டி நிக்கிறதும் இல்ல. அந்த அமுங்கின இடத்தத் தாண்டியும் ரெண்டு அலையும் ஒண்ணும் நடக்காத மாதிரி அதது வழியில போகுது. ஏரியில ரெண்டு கல்லு போட்டுப் பாருங்க, வட்டங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து வெளிய வரும்போது அதே வட்டமாத்தான் வரும்.

இப்ப டார்ச். பொண்ணு கேட்டது நல்ல கேள்வி, பலபேரு புத்தகத்த மூடிட்டு இத கேக்கறதே இல்ல. ஸ்பீக்கர் ரெண்டுக்கும் ஒரே ஆம்ப்ளிஃபையர், அதனால ரெண்டோட ஏத்த இறக்கமும் எப்பவும் கட்டுப்பட்டு நடக்குது. டார்ச்சுல அப்படி இல்ல, கோடானுகோடி அணுக்கள் தனித்தனியா, அததுக்கு தோணின நேரத்துல சின்னச் சின்ன அலைத்தொடரா விடுது. ரெண்டு டார்ச்சுக்கும் இடையில கட்ட வித்தியாசம், அதாவது ஒண்ணோட ஏத்த இறக்கம் மத்ததுக்கு எவ்வளவு முந்துது பிந்துதுங்கறது, நொடியில கோடிக்கணக்கான தடவை தாறுமாறா மாறும். ஒரு கணம் இந்த இடம் இருட்டு, அடுத்த கணம் அதே இடம் வெளிச்சம், கோடு ஓடிக்கிட்டே இருக்கு, கண்ணுக்கு சராசரி 2 பங்கு மட்டும்தான் தெரியும். அதத்தான் நீ பாத்த. இப்படி கட்டுப்பட்டு நடக்கிற மூலங்களுக்கு ஓரியல் மூலங்கள்னு பேரு, தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்துல இந்த வார்த்தைதான் இருக்கும்.

தாமஸ் யங்கோட திறமை இங்கதான். அவர் ரெண்டு விளக்கு வைக்கல, ஒரே சூரியக்கதிர ரெண்டாப் பிரிச்சாரு. 1803 நவம்பர்ல லண்டன் ராயல் சொசைட்டியில அவர் சொன்ன சோதனை, ஜன்னல் கதவுல ஒரு குட்டி ஓட்டை, அது வழியா வர்ற மெல்லிய கதிர், அதுக்குக் குறுக்க ஒரு அட்டைத் துண்ட விளிம்பு பாத்து பிடிச்சாரு. அட்டையோட கனம் அங்குலத்துல முப்பதுல ஒரு பங்கு, நம்ம கணக்குல 0.85 மி.மீ. அளவு. அட்டையோட நிழலுக்குள்ளயே கோடு கோடா தெரிஞ்சுது. அப்புறம் ஒரு பக்கத்து வெளிச்சத்த மட்டும் மறைச்சாரு, மறு பக்கத்து வெளிச்சம் அப்படியே வந்துக்கிட்டு இருக்கு, ஆனா நிழலுக்குள்ள இருந்த கோடெல்லாம் போயிடுச்சு. ரெண்டு பக்கத்து ஒளியும் சேந்தாத்தான் கோடு வருதுங்கறதுக்கு இத விட நேரடியா என்ன வேணும்? புத்தகத்துல வர்ற ரெட்டைப் பிளவு ஏற்பாடு 1807ல வந்த அவரோட விரிவுரைத் தொகுப்புல இருக்கு. கோட்டு அகலத்த வச்சே சிவப்பு ஒளியோட அலைநீளம் அங்குலத்துல 36,000ல ஒரு பங்கு, ஊதாவுக்கு 60,000ல ஒரு பங்குன்னு கணக்குப் போட்டாரு. இன்னைக்கு அளவுக்கு மாத்தினா சுமார் 0.7, 0.42 மைக்ரான். இருநூறு வருஷத்துக்கு முன்னாடி, சூரிய வெளிச்சத்தையும் அட்டையையும் வச்சுக்கிட்டு!

மோல்மீன் பொண்ணு:

ஐயா ரொம்ப நன்றி, நாலும் பூஜ்யமும் சேந்து சராசரி ரெண்டுன்னு சொன்னது உடனே புரிஞ்சுது. ஆனா அண்ணன் சொன்னதுல ஒண்ணு இடிக்குது. ரெண்டு பாக்ஸ கிட்ட கிட்ட வச்சு வயர மாத்திக் குடுத்தா எல்லா இடத்துலயும் சத்தம் குறையும்ல? அப்ப பக்கத்துல எங்கயும் 4 பங்கு இல்லையே, சக்தி எங்க போச்சு? அப்புறம் ரெண்டு போன்ல தனித்தனியா 500 ஹெர்ட்ஸ் போட்டா அது டார்ச் மாதிரியா, ஸ்பீக்கர் மாதிரியா?

பழைய வாத்தியார்:

இப்படித்தான்மா கேக்கணும்!

பாக்ஸ் ரெண்டும் அலைநீளத்த விட ரொம்ப கிட்ட இருந்து, எதிர் எதிரா ஆடினா, சக்தி வெளிய கிளம்புறதே இல்ல. ஒரு ஸ்பீக்கர் காத்த முன்னால தள்ளுற அதே நேரத்துல பக்கத்துல உள்ளது காத்த உள்ள இழுக்குது, காத்து இதுல இருந்து அதுக்குள்ள போய் திரும்புது, தள்ளுறதுக்கு எதிர்ப்பு கிடைக்கல, எதிர்ப்பு இல்லாத எடத்துல வேலை நடக்காது. வயர சரியா குடுத்தா நேர்மாறு, ஒவ்வொரு ஸ்பீக்கரும் மத்தது உண்டாக்கின அழுத்தத்துக்கு எதிரா தள்ள வேண்டியிருக்கு, அதனால ஒவ்வொண்ணும் தனியா இருந்தா விடுறதப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஒலிச்சக்திய விடுது. மொத்தம் 4 பங்கு எல்லா திசையிலயும். எங்கயும் குறையல, ஏன்னா மூலமே கூடுதலா குடுக்குது. தூரமா இருக்கிற ரெண்டு மூலத்துக்கு பங்கீடு மாறுது, கிட்ட இருந்தா மூலம் விடுற அளவே மாறுது. ரெண்டையும் சேத்துப் பிடிச்சாத்தான் இந்தக் கேள்விக்கு முழு பதில்.

மைக்செட் அண்ணன், யாங்கோன்:

வாத்தியார் ஐயா சொல்றது நூத்துக்கு நூறு. பேஸ் பாக்ஸ நாங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடுக்குறது இதுக்காகத்தான், மேடைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு பிரிச்சு வச்சா நடுவுல மட்டும் நெஞ்ச அதிருது, ஓரத்துல அங்கங்க ஓட்டை விழுது.

ரெண்டு போன் கேள்விக்கு: ரெண்டு போனோட உள் கடிகாரமும் துளி வித்தியாசப்படும், அதனால கோடு வரும் ஆனா ஒரே எடத்துல நிக்காது, மெதுவா நகரும். நீ ஒரே எடத்துல உக்காந்திருந்தா சத்தம் மெல்ல மெல்ல ஏறி இறங்குற மாதிரி கேக்கும். ஒரு போன்ல 500, மத்ததுல 502 வச்சுப் பாரு, நொடிக்கு ரெண்டு தடவை வொய்ங் வொய்ங்னு அடிக்கும். நாதஸ்வரக்காரங்க ஒத்துக்கு சுருதி சேக்கும்போது காதுல தேடுறது இந்த அடிப்பு நின்னுச்சான்னுதான்.

தட்டோன் தம்பி:

அப்ப ரெண்டு தனித்தனி லேசர் வச்சா? லேசர் ஒழுங்கான ஒளின்னு சொல்றாங்களே.

பழைய வாத்தியார்:

வரும் தம்பி. 1963ல மாக்யார், மாண்டல்னு ரெண்டு பேர் தனித்தனி லேசர் ரெண்ட வச்சு, ரொம்பக் குறுகின நேரத்துக்கு மட்டும் படம் பிடிச்சு, கோடு இருக்குன்னு காட்டினாங்க. நேரம் நீண்டா கோடு நகந்து கலங்கிடும். அண்ணன் சொன்ன ரெண்டு போன் கதைதான், வேகம்தான் பல மடங்கு. வீட்டுல ரெண்டு லேசர் பாயின்டர் வச்சா கண்ணுக்குத் தெரியாது.

சுவர் மறைவு கேள்விய யாரும் தொடல, அதையும் சொல்லிடறேன். அதுக்கு விளிம்பு விளைவுன்னு பேரு. கிரிமால்டின்னு ஒரு இத்தாலிப் பாதிரியார் ஒளி விளிம்புல வளையறத முதல்ல கவனமா எழுதி வச்சாரு, அவர் இறந்தப்புறம் 1665ல புத்தகமா வந்துச்சு. அலை ஒரு திறப்பு வழியா வரும்போது, திறப்பு அலைநீளத்தோட ஒப்பிட்டா எவ்வளவு பெருசுங்கறதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. தவிலோட 100 ஹெர்ட்ஸ் அடி 3.5 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் வாசக்கதவு அதுக்கு சின்ன ஓட்டை, அதனால வெளிய வந்ததும் நாலா பக்கமும் விரியுது. 'ஸ', 'ச' மாதிரி எழுத்துல இருக்கிற சத்தம் 5000 ஹெர்ட்ஸ் பக்கம், அலைநீளம் 7 சென்டிமீட்டர், அதுக்கு அந்தக் கதவு பெரிய வாசல், நேரா போயிடும், மறைவுல நிக்கிறவங்களுக்கு சுவத்துல பட்டுத் திரும்பினது மட்டும்தான் கொஞ்சம் கிடைக்கும். மெய்யெழுத்து போனா வார்த்தை எப்படிப் புரியும்? ஒளியோட அலைநீளம் 0.0005 மி.மீ., அதுக்கு கதவு இருபது லட்சம் மடங்கு பெருசு, அதான் நிழல் கூர்மையா விழுது.

யங் சோதனையில இந்த விளைவு இல்லன்னா குறுக்கீடே கிடையாது. ரெண்டு பிளவுல வர்ற ஒளியும் விரியாம நேரா போனா ரெண்டும் திரையில சந்திக்கவே சந்திக்காது. புத்தகத்துல ரெண்டையும் தனித்தனி அத்தியாயமா பிரிச்சு வச்சிருக்கிறது எனக்கு எப்பவும் வருத்தம், பிள்ளைங்க ரெண்டு வேற வேற விஷயம்னு நினைச்சுக்கறாங்க. ஃப்ரெனெல்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி 1818ல செஞ்சதே, அலைமுகத்துல (அலையோட முன் விளிம்புல) ஒவ்வொரு புள்ளியும் ஒரு புது மூலம்னு ஹைகன்ஸ் சொன்னத எடுத்துக்கிட்டு, அந்தப் புள்ளிங்க எல்லாத்தோட குறுக்கீட்டையும் கூட்டினதுதான். அவரு கணக்கு சரின்னா வட்டத் தட்டோட நிழலுக்கு நட்ட நடுவுல வெளிச்சப் புள்ளி வரணுமே, அது எப்படி நடக்கும்னு போய்சான் மறுத்தாரு. அராகோ சோதனை செஞ்சு பாத்தாரு, புள்ளி இருந்துச்சு.

ஆத்தங்கரை, யாங்கோன்:

ஆத்துல படகோட வாழ்ந்த குடும்பம் எங்களுது, ஏத்த வத்தம் பாக்காம ஒரு நாளும் கிடையாது, அதனால இத சேக்கணும்னு தோணுச்சு. யாங்கோன் ஆத்துல நாளைக்கு ரெண்டு ஏத்தம் ரெண்டு வத்தம். ஆனா நமக்குக் கிழக்க வியட்நாம் பக்கம் டோங்கின் வளைகுடாவுல ஒரு துறையில நாளைக்கு ஒரே ஒரு ஏத்தம்தான்னு அந்தக் காலத்துலயே கப்பல்காரங்க கவனிச்சிருக்காங்க. நியூட்டன் 1687ல எழுதின புத்தகத்துல இதுக்கு விளக்கம் சொல்றாரு: கடல் ஏத்தம் ரெண்டு வழியா அங்க வருது, ஒண்ணு மத்தத விட 6 மணி நேரம் பிந்தி வருது, ஒண்ணு ஏறும்போது மத்தது இறங்கி ரெண்டும் சமமாயிடுதுன்னு. அந்த வளைகுடாவோட அமைப்பே தினம் ஒரு ஏத்தத்த பெருசாக்குதுன்னு இப்ப சொல்றாங்க, அது வேற. ஆனா ஒளிய துகள்னு சொன்ன அதே மனுஷன், ரெண்டு அலை சேந்து ஒண்ணும் இல்லாம போகும்ங்கற யோசனைய கடல்ல வச்சு எழுதியிருக்காருங்கறது எனக்கு பெரிய ஆச்சரியம்.

மோல்மீன் பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. ஒளியில இத நானே பாக்கணும், லேப்ல சாமான் இல்ல. வீட்டுல என்ன வச்சு செய்யலாம்?

பழைய வாத்தியார்:

பஜார்ல விக்கிற சிவப்பு லேசர் பாயின்டர் ஒண்ணு போதும். முதல்ல ஒண்ணு, கண்ணுல படக்கூடாது, கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம் எதுலயும் பட்டுத் திரும்பக்கூடாது, சின்னப் பிள்ளைங்க இருக்கிற நேரத்துல வேண்டாம்.

உன் தலைமுடி ஒண்ண எடுத்து லேசர் வாயில நட்ட நடுவா இழுத்து டேப் ஒட்டு. லேசர அசையாம வச்சு 2 மீட்டர் தள்ளி வெள்ளைச் சுவத்துல அடி. ராத்திரி கரண்டு போன நேரம் இதுக்கு ரொம்ப வசதி. முடிய செங்குத்தா ஒட்டினா புள்ளிக்கு ரெண்டு பக்கமும் படுக்கையா வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி நீண்டு போகும். இது யங் அட்டையோட தம்பி மாதிரி. சுவத்துல ஒரு பேப்பர ஒட்டி இருட்டு விழுற இடத்தையெல்லாம் பென்சில்ல குறிச்சுக்க, ஒரே பக்கத்துல அடுத்தடுத்த ரெண்டு இருட்டுக்கு நடுவுல எவ்வளவுன்னு அள. சிவப்பு லேசர் பெரும்பாலும் 650 நானோமீட்டர், மேல ஒட்டியிருக்கும் பாரு. முடியோட கனம் = அலைநீளம் பெருக்கல் தூரம், வகுத்தல் இடைவெளி. இடைவெளி 1.6 சென்டிமீட்டர் வந்தா கனம் 0.08 மி.மீ. அம்மா முடி, பாட்டி முடி எல்லாம் அளந்து பாரு, வித்தியாசம் வரும்.

ரெட்டைப் பிளவுக்கு, அலுமினியத் தாள கண்ணாடித் துண்டுல ஒட்டி, ரெண்டு பிளேட சேத்துப் பிடிச்சு ஒரே இழுப்பா கீறு. பிளவு இடைவெளி கால் மி.மீ. வந்தா 2 மீட்டர் தூரத்துல கோட்டு அகலம் 5 மி.மீ. பக்கம் இருக்கும், ஸ்கேல்ல அளக்கலாம். ஒரு பிளவ மட்டும் டேப் ஓரத்தால மெல்ல மூடிப் பாரு, நெருக்கமான கோடெல்லாம் போய் ஒரு அகலமான வெளிச்சப் பட்டை மட்டும் நிக்கும். திறந்தா கோடு அந்தப் பட்டைக்கு உள்ளயே வரும். பட்டை விளிம்பு விளைவு, உள்ள இருக்கிற கோடு குறுக்கீடு, ரெண்டும் ஒரே படத்துல.

தட்டோன் தம்பி:

ஐயா நான் முன்னாடி லேப்ல இத பாத்தேன், எண்ணிக்கிட்டே போனா நடுவுல ஒரு கோடு காணோம், அதுக்கப்புறம் மறுபடி மங்கலா வருது. அது கீறினது சரியில்லாததாலயா?

பழைய வாத்தியார்:

இல்ல தம்பி, அது அப்படித்தான் வரணும். எத்தனாவது கோடு காணோம்னு எண்ணினியா? பிளவுகளுக்கு நடுவுல உள்ள தூரம் ஒரு பிளவோட அகலத்தப் போல மூணு மடங்குன்னா மூணாவது வெளிச்சக் கோடு இருக்காது, ஆறாவதும் இருக்காது. அந்தத் திசையில ரெண்டு பிளவும் ஒத்துப்போய் வெளிச்சம் தர தயார், ஆனா ஒவ்வொரு பிளவும் தனித்தனியா அந்தத் திசையில ஒளியே அனுப்பல, ஒரு பிளவோட இந்தப் பாதியும் அந்தப் பாதியும் தங்களுக்குள்ளயே அமுக்கிக்குது. காணாத கோட்டோட எண்ணச் சொல்லு, பிளவு எவ்வளவு அகலம்னு நான் இங்க இருந்தே சொல்லிடறேன்.

தட்டோன் தம்பி:

நாலாவது ஐயா. பிளவு இடைவெளி 0.4 மி.மீ.ன்னு அட்டையில எழுதியிருந்துச்சு.

பழைய வாத்தியார்:

அப்ப அகலம் 0.1 மி.மீ.